அடைவுநிலைப் பட்டியலைச் சிறுகுழுவின் மேசைக்குக் கொண்டு வாருங்கள்

கூலிம் மாவட்டத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், தமிழ்ப்பள்ளிகளைக் கவனிக்கும் கல்வி இலாகா அதிகாரிகளுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் பாடாங் செராயில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வகுப்பாசிரியராகவும் பின்னர், பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்பிக்கும் குறைநீக்கல் ஆசிரியராகவும் பணியாற்றினேன். இப்போது கோயில் மண்டபத்தில் நடக்கும் மாலை வாசிப்பு வகுப்பில் உதவி செய்கிறேன். அங்கு வரும் பிள்ளைகள் பல பள்ளிகளைச் சேர்ந்தவர்கள் என்பதால், எந்த ஒரு பள்ளியையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. நான் கேட்பது இதுதான். மாணவரைப் பற்றிப் பள்ளிகள் இவ்வளவு பாடுபட்டுத் திரட்டும் தகவல்கள், வரும் வாரம் எந்த நான்கைந்து பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து எதைக் கற்பிப்பது என்பதைத் தீர்மானிக்கப் பயன்பட வேண்டும். அதற்குப் பயன்படாத தகவல்களைத் திரட்டும் வேலையை ஆசிரியர் தோளிலிருந்து இயன்றவரை இறக்க வேண்டும்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு 1988 முதல் நடந்து வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அதன் பிறகு தொடக்கப்பள்ளியில் பெரும் பொறுப்பு வகுப்பறை மதிப்பீட்டின் மேல் விழுந்தது. ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 (மிகத் தாழ்ந்தது) முதல் 6 (மிக உயர்ந்தது) வரை அடைவுநிலையை ஆசிரியர் பதிவு செய்கிறார். ஒரே தேர்வில் பிள்ளையின் ஆறாண்டு உழைப்பை அளந்த காலத்தைவிட இது நல்ல ஏற்பாடு என்றே நான் நம்புகிறேன். ஆண்டு முழுவதும் பிள்ளையைக் கவனிக்கும் ஆசிரியரின் கண்ணுக்கு இது மதிப்பளிக்கிறது. ஆனால் நடைமுறையில் அந்த எண்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். எக்செல் கோப்பிலிருந்து இணைய முறைமைக்குப் போகின்றன, அங்கிருந்து விழுக்காடாகவும் வட்ட வரைபடமாகவும் மாறி அறிக்கைக்குப் போகின்றன, அறிக்கை அலுவலகத்துக்குப் போகிறது. எண்ணைப் பதிந்த ஆசிரியரிடம் அது திரும்பி வருவதில்லை. தவணை முடிவில் அவசரமாக நிரப்பப்படும் பட்டியல், அடுத்த தவணையின் முதல் பாடத்தில் எதையும் மாற்றுவதில்லை.

பட்டியலில் உள்ள எண் ஒரு பிள்ளைக்கு உதவி தேவை என்பதைச் சொல்லும். என்ன உதவி என்பதைச் சொல்லாது. இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் குழு பிரிப்பதில் நடக்கும் பெரும்பாலான குழப்பங்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இப்படி ஒரு கணக்கைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தில் 503 செம்பனைக் கன்றுகள், அடுத்த தோட்டத்தில் 278 கன்றுகள். முதல் தோட்டத்தில் எத்தனை கன்றுகள் அதிகம்? சரியான விடை 225. ஒரு பிள்ளை 375 என்று எழுதுகிறது, இன்னொரு பிள்ளை 325 என்று எழுதுகிறது, மூன்றாவது பிள்ளை 781 என்று எழுதுகிறது. மூன்று விடைகளுக்கும் மதிப்பெண் இல்லை, மூன்று பெயர்களும் பட்டியலில் ஒரே கட்டத்தில் விழுகின்றன.

375 என்று எழுதிய பிள்ளையின் நோட்டைப் பார்த்தால், அது ஒவ்வொரு இலக்க வரிசையிலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருப்பது தெரியும். 3-இலிருந்து 8 போகாது என்பதால் 8-இலிருந்து 3-ஐக் கழித்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு 503 என்பது ஐந்து, சுழி, மூன்று என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மூன்று தனி எண்கள்தான். ஐந்து நூறும் மூன்று ஒன்றும் என்ற இடமதிப்பு இன்னும் மனத்தில் ஏறவில்லை. அதற்குக் குச்சிக்கட்டுகள் வேண்டும், கட்டைப் பிரித்துப் பார்க்கும் நேரம் வேண்டும், ஒருவேளை இரண்டு வாரம் வேண்டும். 325 என்று எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பத்தின் இடத்தில் சுழி இருந்ததால் அதை 9 ஆக்கிக்கொண்டது, ஆனால் நூற்றின் இடத்திலிருந்த 5-ஐ 4 ஆக்க மறந்தது. ஒரே அமர்வில், கால் மணி நேரத்தில், நடுவில் சுழி வரும் நான்கைந்து கணக்குகளில் இதைச் சரிசெய்துவிடலாம். 781 என்று எழுதிய பிள்ளைக்குக் கழித்தலில் குறையே இல்லாமல் இருக்கலாம். ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிட்டது. அதற்கு வேண்டியது வாக்கியத்தைப் படித்து இரண்டு கோடுகளாக வரைந்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம். அதைக் கணித நேரத்தில் கற்பித்தாலும் அது மொழிப்பாடமே.

இந்த மூவரையும் ‘கழித்தலில் பின்தங்கியவர்கள்’ என்று ஒரே மேசையில் உட்கார வைத்து இருபது கழித்தல் கணக்குகள் அடங்கிய பயிற்சித்தாளைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் பிள்ளை தன் தவற்றை இருபது முறை பயின்று உறுதியாக்கிக்கொள்ளும். இரண்டாவது பிள்ளை சுழி வராத கணக்குகளையெல்லாம் சரியாகச் செய்து, முன்னேறிவிட்டதாகப் பட்டியலில் பதிவாகும். மூன்றாவது பிள்ளைக்கு அந்தத் தாளில் கற்க எதுவும் இராது. சிறுகுழு என்பது பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் மட்டும் பயன் தருவதில்லை. ஒரே தேவை உள்ளவர்கள் ஒன்றாக இருக்கும்போதுதான் அந்தக் கால் மணி நேரம் பலன் தருகிறது. அந்தத் தேவையைக் காட்டும் தகவல் எக்செல் கோப்பில் இல்லை, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. திருத்தும்போது தவறு என்று கோடிட்டுவிட்டுப் போகாமல், எந்த வகைத் தவறு என்று பக்க ஓரத்தில் ஒரு குறியீடு போட்டுக்கொண்டால், முப்பது நோட்டுகளைத் திருத்தி முடிக்கும்போதே அடுத்த வாரத்துக்கான குழுக்கள் உருவாகிவிடும். இதற்குத் தனியாக ஒரு தேர்வு வைக்கத் தேவையில்லை.

வாசிப்பிலும் இப்படித்தான். நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே வகுத்த வாசிப்புப் பதிவு முறையை நம் ஆசிரியர்கள் பலர் பயிற்சிகளில் கேட்டிருப்பீர்கள். பிள்ளை ஒரு பத்தியை உரக்க வாசிக்கும். ஆசிரியர் தம் கையிலுள்ள படியில் சரியாக வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறியிட்டு, தவறாக வாசித்த சொல்லை எப்படி வாசித்தது என்று அப்படியே மேலே எழுதுவார். நூற்றுக்கு 95 சொற்களுக்குமேல் சரியாக வாசித்தால் அந்தப் பத்தி பிள்ளைக்கு எளிது என்றும், 90-க்குக் கீழ் வந்தால் கடினம் என்றும் ஆங்கிலத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அந்த விழுக்காட்டை அப்படியே தமிழுக்குப் பொருத்தக் கூடாது என்பது என் கருத்து. ‘பள்ளிக்கூடத்திலிருந்துதான்’ என்பது நமக்கு ஒரே சொல். அதில் ஓர் உருபை விட்டு வாசித்த பிள்ளையையும் சொல்லையே அறியாத பிள்ளையையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் தவற்றை அப்படியே எழுதிவைக்கும் பழக்கம் தமிழுக்கு மிகவும் பொருந்தும். ‘தொடு’ என்பதைத் ‘தோடு’ என்றும் ‘கேணி’ என்பதைக் ‘கெணி’ என்றும் வாசிக்கும் பிள்ளைக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பிரிந்து தெரியவில்லை. ‘பட்டம்’ என்பதில் புள்ளியைக் காணாமல் ‘படடம்’ என்று தட்டுத்தடுமாறும் பிள்ளைக்கு மெய்யெழுத்தில் சிக்கல். ‘வந்தார்கள்’ என்பதை ‘வந்தார்’ என்று வாசித்துவிட்டு ஓடும் பிள்ளைக்கு எழுத்து தெரியும். சொல்லின் இறுதிவரை கண் போவதில்லை. எல்லாவற்றையும் தடையின்றி வாசித்துவிட்டு, யார் எங்கே போனார் என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைக்கு வேண்டியது முற்றிலும் வேறு. இந்நால்வரும் அடைவுநிலை 2 அல்லது 3 என்று ஒரே வரியில் நிற்கக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று வாசிக்கும் பிள்ளையை எழுத்தறியாதவர் குழுவில் போட்டுவிடாதீர்கள். அது வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்த ஒலி. உச்சரிப்புப் பயிற்சியை வகுப்பு முழுமைக்கும் கொடுக்கலாம்; வாசிப்புத் திறன் குறைந்ததற்கு அதை ஆதாரமாகக் கொள்வது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

வருகைப் பதிவேட்டையும் நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. நம் ஊர்க் குடும்பங்களின் வாழ்க்கை மாறிவிட்டது. தோட்டத்தில் செம்பனை வெட்டும் தகப்பனாரும், 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர முறைமாற்று வேலை செய்யும் தாயாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தாயார் இரவு வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் வந்து இறங்குவதற்குள் பள்ளி வேன் போய்விடும் காலை நேரங்கள் உண்டு. அப்படித் தவறிய நாளில்தான் பின்னத்தின் முதல் பாடம் நடந்திருக்கும். பின்னத்தில் தடுமாறும் பிள்ளைகளின் பெயர்களை அந்த வார வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சிலருக்குத் திறமைக் குறைவு எதுவும் இல்லை, பாடமே கிடைக்கவில்லை என்பது தெரிந்துவிடும். அவர்களுக்கென்று ஒரு குழு, ஓர் அமர்வு, அத்தோடு அந்தக் குழு கலைந்துவிடலாம்.

குழு கலைய வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1970-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ரிஸ்ட் வெளியிட்ட ஆய்வை ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் படித்த ஒரு பாலர் வகுப்பில், பள்ளி தொடங்கிய எட்டாம் நாளே ஆசிரியை குழந்தைகளை மூன்று மேசைகளில் நிரந்தரமாக அமர்த்தினார். அவரும் அதே இனத்தைச் சேர்ந்தவர்தான். அவர் கையில் எந்தத் தேர்வு முடிவும் இல்லை. உடையின் தூய்மை, பேசும் முறை, குடும்பத்தின் நிலை ஆகியவையே குழந்தைகளின் இடத்தைத் தீர்மானித்தன என்று ரிஸ்ட் காட்டினார். முதல் மேசைக்கே பெரும்பாலான கற்பித்தல் கிடைத்தது. அடுத்தடுத்த வகுப்புகளுக்குப் போனபோது, அந்தப் புறக்கணிப்பின் விளைவாக வந்த குறைந்த மதிப்பெண்களே அக்குழந்தைகளைப் பின்மேசையில் வைப்பதற்கு ஆதாரமாகிவிட்டன. முதலில் ஊகமாக இருந்தது பின்னால் தரவாகிவிட்டது. நம் பள்ளிகளில் தோட்டத்து உட்பகுதியிலிருந்து வரும் பிள்ளையும் பட்டணத்து வீடமைப்புப் பகுதியிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். ஆகவே, இந்த ஆபத்து நமக்கு இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் இராபர்ட் சிலாவின் 1987-இல் தொடக்கப்பள்ளி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கெட்டிக்கார வகுப்பு, மந்த வகுப்பு என்று நாள் முழுவதும் பிரித்து வைப்பதால் பிள்ளைகளின் அடைவு உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றார். அதே வேளையில், வாசிப்பு போன்ற குறிப்பிட்ட ஒரு பாடத்துக்கு மட்டும் நிலையைப் பார்த்துச் சேர்ப்பதும், கணிதத்தில் வகுப்புக்குள்ளேயே சிறுகுழு அமைப்பதும் பலன் தந்தன. அப்படிச் சேர்த்தபின் கற்பிக்கும் முறையும் வேகமும் உண்மையிலேயே மாற வேண்டும், பிள்ளையின் நிலையை அடிக்கடி மீண்டும் பார்க்க வேண்டும் என்பதே அதற்கான நிபந்தனை. முதல் வகையும் இரண்டாவது வகையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரியலாம். பிள்ளைக்கு அவை இரு வேறு அனுபவங்கள்.

இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு செய்து வரும் பணி நமக்கு இன்னும் நெருக்கமானது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று சில நிமிடங்களில் ஒரு பிள்ளையின் வாசிப்பு நிலையைக் கண்டறிந்து, வயதையும் வகுப்பையும் பாராமல் அந்த நிலைக்கேற்பக் குழுவாக்கிக் கற்பிப்பது அவர்கள் வழி. 2019-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இம்முறையைப் பல மாநிலங்களில் ஆய்ந்தவர்கள். அவற்றில் ஹரியானாவில் 2012-13 கல்வியாண்டில் கிடைத்த அனுபவத்தை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறேன். அரசுப் பள்ளிகளில் நாளுக்கு ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டு, அந்த நேரத்தில் பிள்ளைகள் நிலைவாரியாக மாறி அமர்ந்தபோது இந்தி வாசிப்பில் முன்னேற்றம் காணப்பட்டது. அதற்கு முன் பீகாரிலும் உத்தராகண்டிலும், பயிற்சியும் பாடப்பொருள்களும் மட்டும் ஆசிரியர்களிடம் கொடுக்கப்பட்டு நேரம் ஒதுக்கப்படாத பள்ளிகளில் அத்தகைய முன்னேற்றம் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. பெயர்கள் அழகானவை. எவ்வளவு அழகான பெயரானாலும், ஒரு பிள்ளை ஆண்டு முழுவதும் அரும்பாகவே இருந்தால் அதன் பொருள் அப்பிள்ளைக்கு விரைவில் விளங்கிவிடும்.

இனி, ஆசிரியர்கள் என்னிடம் எப்போதும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ‘ஐந்து பேரோடு நான் உட்கார்ந்தால் மற்ற முப்பது பேரை யார் பார்ப்பது?’ இது சாக்குப்போக்கு அன்று, உண்மையான இடர். பட்டணத்துப் பள்ளியில் வகுப்பு நிறைந்திருக்கிறது. ஒரு பாடவேளை 30 நிமிடம்தான். நடுவில் ஒருவர் கழிப்பறைக்குப் போக வேண்டும், ஒருவரின் பென்சில் முனை உடையும். இதற்கு என் அனுபவத்தில் கண்ட விடை, குழுவோடு உட்காரும் வேலையைத் தவணையின் முதல் வாரத்திலேயே தொடங்காமல் இருப்பதுதான். முதல் இரண்டு மூன்று வாரங்கள், ஆசிரியரின் உதவி இல்லாமல் கால் மணி நேரம் வேலை செய்வது எப்படி என்பதையே பாடமாகக் கற்பிக்க வேண்டும். முனை சீவிய பென்சில்கள் எந்த டப்பாவில் இருக்கும், ஐயம் வந்தால் முதலில் யாரிடம் கேட்பது, முடித்தவர் அடுத்து எதை எடுப்பது என்பதையெல்லாம் பிள்ளைகள் செய்து பழக வேண்டும். பழகிய பிறகு ஆசிரியர் தம் நாற்காலியை வகுப்பு முழுவதும் தெரியும் மூலையில் போட்டு, குழுவைத் தம்மை நோக்கி அமர்த்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்குக் கொடுக்கும் வேலை முன்பே கற்றதாக இருக்க வேண்டும். புதிய பாடத்தின் பயிற்சித்தாளைக் கொடுத்துவிட்டுக் குழுவோடு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் எழுந்து வருவார்கள். வராதவர்கள் தவறாகச் செய்துகொண்டிருப்பார்கள். இருவர் இருவராக மாறி மாறி வாசித்தல், சென்ற வாரம் கற்ற கணக்குகளைச் சிறு வெண்பலகையில் செய்து ஒருவருக்கொருவர் சரிபார்த்தல், படித்த கதைக்கு ஒரு கேள்வி உருவாக்குதல் போன்ற எளிய வேலைகள் போதும். நாளொன்றுக்கு ஒரு குழுவைச் சந்தித்தாலே அது பெரிய காரியம். மிகவும் தடுமாறும் பிள்ளைகளை வாரத்தில் மூன்று நான்கு முறையும், மற்றவர்களை ஒரு முறையும் சந்திக்கலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முற்றாக விட்டுவிடக் கூடாது. வளப்படுத்தும் நடவடிக்கை என்று நாள் பாடத்திட்டத்தில் எழுதுகிறோம். அவர்களோடும் உட்கார்ந்து பேசினால்தான் அது நடக்கும். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு விடையைப் பதிந்துகொண்டால், நாளை யார் இந்த மேசைக்கு வரத் தேவையில்லை என்பது தெரிந்துவிடும்.

தோட்டத்துக்குள் இருக்கும் சிறிய பள்ளிகளின் நிலை வேறு. குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடியேறியதால் 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளாக அவை சுருங்கிவிட்டன. ஒரு வகுப்பில் எட்டுப் பேர்தானே, இதிலென்ன குழு என்று கேட்கத் தோன்றும். எட்டுப் பேரில் ஒருவர் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார், ஒருவர் நாளிதழ் வாசிப்பார். இங்கே வகுப்பு எல்லையைத் தாண்டுவதுதான் பயன் தரும். இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளின் தமிழ்மொழிப் பாடவேளையை வாரத்தில் இரண்டு நாள் ஒரே நேரத்தில் வைத்தால், மூன்று ஆசிரியர்களும் பிள்ளைகளை வாசிப்பு நிலைப்படி பகிர்ந்துகொள்ளலாம். கால அட்டவணை தயாரிக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். பாதியில் செய்ய இயலாது.

தலைமையாசிரியர்களிடமும் இலாகா அதிகாரிகளிடமும் நான் வைக்கும் முதல் கோரிக்கை நேரம். நம் கெடா மாநிலத்தில் பள்ளி வாரம் ஞாயிறன்று தொடங்கி வியாழனன்று முடிகிறது. வியாழக்கிழமை ஒரு மணி நேரத்தை, அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நோட்டுகளோடும் குறிப்புகளோடும் ஒன்றாக உட்கார்ந்து அடுத்த வாரக் குழுக்களை முடிவு செய்வதற்கென்றே விட்டுக்கொடுங்கள். குறைநீக்கல் ஆசிரியரும் அதில் இருக்க வேண்டும். அவர் தனி அறையில் ஒன்றைக் கற்பிக்க, வகுப்பாசிரியர் அதே பிள்ளைக்கு வேறொன்றைக் கற்பிக்கும் நிலை இன்றும் பல இடங்களில் உள்ளது. அந்த ஒரு மணி நேரத்தில் போட்டி ஏற்பாடு, வருகையாளர் வரவேற்பு, அறிக்கை நினைவூட்டல் எதுவும் பேசப்படக் கூடாது. அது நடக்க வேண்டுமானால் அந்த நேரத்துக்கு இணையான எழுத்து வேலை ஒன்று எடுக்கப்பட வேண்டும். ஒரே அடைவுநிலையை மூன்று படிவங்களில் எழுதும் வழக்கம் இருக்குமானால் இரண்டை நிறுத்துங்கள்.

பள்ளிகளைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். கோப்பு தடிமனாக இருக்கிறதா, எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், ‘சென்ற மாதத்தில் எந்தப் பிள்ளை எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்கு மாறியது, எதைப் பார்த்து மாற்றினீர்கள்?’ என்று ஆசிரியரைக் கேளுங்கள். கேள்வி மாறினால் வகுப்பறையும் மாறும், ஏனெனில் ஆசிரியர்கள் கேட்கப்படுவதற்கே தயாராகிறார்கள். அதே நேரத்தில், தாழ்ந்த அடைவுநிலையை நேர்மையாகப் பதிந்த ஆசிரியரை அதற்காகக் கூட்டத்தில் எழுப்பி விளக்கம் கேட்காதீர்கள். ஒரு முறை அப்படி நடந்தால், அடுத்த தவணையில் எல்லாப் பிள்ளைகளும் அடைவுநிலை 4-க்கு உயர்ந்துவிடுவார்கள். அந்தப் பட்டியலைக் கொண்டு யாருக்கும் எதையும் கற்பிக்க இயலாது.

பெற்றோர் சார்பாகவும் ஒரு சொல். வகுப்பு முழுவதன் மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். குழுப் பெயர்களைச் சுவரில் ஒட்டுவதும் அப்படியே. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது என்று அச்சட்டமே கூறுகிறது. எனவே நம் பிள்ளைகளின் விவரங்களைக் காப்பது நம் கட்டுப்பாட்டையும் கண்ணியத்தையுமே பொறுத்திருக்கிறது. ஒரு பிள்ளையின் நிலையை அதன் பெற்றோரிடம் தனியாக, எண்ணைச் சொல்லாமல் தேவையைச் சொல்லி விளக்குங்கள். ‘உங்கள் மகன் அடைவுநிலை 2’ என்று கேட்ட தாயாரால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. ‘உங்கள் மகனுக்குக் கொம்பு வரும் எழுத்துகளில் தடுமாற்றம் இருக்கிறது, இந்தப் பத்துச் சொற்களைத் தினமும் ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள் அம்மா’ என்றால், இரவு வேலைக்குக் கிளம்பும் தாயாரும் ஐந்து நிமிடம் ஒதுக்குவார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பரிசுக் கோப்பைகளுக்கும் பதாகைகளுக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைச் சிறு வெண்பலகைகளுக்கும் வகுப்பறை வாசிப்பு நூல்களுக்கும் ஒதுக்கலாம். நேரம் உள்ள பெற்றோரும் ஓய்வு பெற்றோரும் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க வரலாம். ஆனால் மதிப்பெண் பட்டியல் அவர்கள் கைக்குப் போகத் தேவையில்லை.

நான் பயன்படுத்தி வரும் தமிழ் வாசிப்புப் பதிவுத் தாளையும் கழித்தல், பின்னத் தவறுகளின் வகைப் பட்டியலையும் கேட்கும் எந்தப் பள்ளிக்கும் தருவதற்கு ஆயத்தமாக இருக்கிறேன். வியாழக்கிழமைக் கூட்டத்தை நடத்திப் பார்க்க விரும்பும் பள்ளி அழைத்தால் முதல் சில வாரங்கள் வந்து உடன் அமர்வேன். அடுத்த தவணை தொடங்குமுன் நடைபெறும் தலைமையாசிரியர் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில், மற்றவை இடம்பெறாவிட்டாலும், அந்த ஒரு மணி நேரக் கோரிக்கையை மட்டுமாவது சேர்த்து முடிவெடுக்குமாறு உங்கள் அனைவரையும் பணிவன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பாடாங் செராய், கெடா.